ஹலசூரில் வார்டு அளவில் கட்சி சாராத மக்கள் குழு: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஹலசூர்க்காரன் எழுதியது:

பெங்களூரு மக்களுக்கு வணக்கம். பஜார் தெருவை ஒட்டின சந்துகள்ல இருந்து சுமார் 20 பேர் சேர்ந்திருக்கோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கலந்த கூட்டம், தமிழர் கொஞ்சம் ஜாஸ்தி. கட்சியில இருக்கிறவங்களும் ரெண்டு மூணு பேர் உண்டு. ஆனா குழு எந்தக் கட்சிக்கும் போகக்கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு.

நிலைமை உங்களுக்கே தெரியும். 2020 செப்டம்பரோட பிபிஎம்பி (பெங்களூரு மாநகராட்சி) மாமன்றத்தோட காலம் முடிஞ்சது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா கார்ப்பரேட்டர்னு சொல்லிக் கேக்க ஆளே இல்லாம ஓடுச்சு. 2025 செப்டம்பர்ல அஞ்சு மாநகராட்சியாப் பிரிச்சதும் நாங்க மத்திய மாநகராட்சிக்குள்ள வந்துட்டோம், வார்டு எல்லையும் மாறிப்போச்சு. தேர்தல் நடந்து கார்ப்பரேட்டர் வந்தாலும், ஓட்டுப் போட்டுட்டு அஞ்சு வருஷம் தூங்கற பழக்கம் மாறணும்ங்கிறதுதான் எங்க எண்ணம்.

கேள்வி மூணு. முதல் வேலை எது? பெரியவங்க கூட்டம் போடலாம்ங்கிறாங்க, சின்னப் பசங்க இன்ஸ்டாகிராம் பக்கம்ங்கிறாங்க. ரெண்டாவது, சங்கமாப் பதிவு பண்ணணுமா? மூணாவது, இந்த மாதிரிக் குழுக்கள் ஆறு மாசத்துல படுத்துடுதே, ஏன்?

தத்துவம் வேண்டாம், செய்முறை சொல்லுங்க.

---

பாகம்_எண் பதில்:

கூட்டமும் வேண்டாம், பக்கமும் வேண்டாம். ஒரே ஒரு பூத்தோட ஓட்டர் லிஸ்டை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போங்க.

ஏன்னு சொல்லிடறேன். குழுன்னு ஒண்ணு இருக்கிறது ஏரியாவுக்குத் தெரியணும்னா எல்லாக் கதவையும் ஒரு தடவையாவது தட்டணும். சும்மா தட்டினா "எந்தக் கட்சி?"ன்னுதான் கேப்பாங்க. "உங்க பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாக்க வந்தோம்"னா உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. இதுக்குத் தொடக்கம் இருக்கு, முடிவு இருக்கு, முடிஞ்சா எண்ணிச் சொல்லலாம். புதுக் குழுவுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தலைமைத் தேர்தல் அதிகாரியோட தளத்துல உங்க சட்டமன்றத் தொகுதியை எடுத்து, பாகம் எண் (உங்க பூத்தோட லிஸ்டுக்கு உள்ள எண்) பார்த்து பிடிஎஃப் இறக்குங்க. ஹலசூர் சிவாஜிநகர் தொகுதியில வருது. ஒரு பூத்துக்கு 1,200 வாக்காளர் உச்சவரம்புன்னு தேர்தல் ஆணையம் 2025-ல குறைச்சிருக்கு, முன்ன 1,500. ஆக ஒரு பாகம்னா 300, 400 வீடு. 20 பேர்ல 12 பேர் வந்தா ஆறு ஜோடி, ஜோடிக்கு அறுபது எழுபது வீடு. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒரு பெண் கட்டாயம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லது.

முதல் சுத்துல பாதிக் கதவு பூட்டியிருக்கும், அதுக்காகத் தளர வேண்டாம். சாயங்காலம் ஆறரைலேருந்து எட்டரை ஒரு சுத்து, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு சுத்து, மூணாவது சுத்து மிச்சம் இருக்கிற வீடுகளுக்கு மட்டும். லிஸ்ட்ல ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் நாலு எழுத்துல ஒண்ணு போதும்: இருக்கார், மாறிட்டார், இறந்துட்டார், பிழை. வீட்ல ஆள் இருந்து லிஸ்ட்ல பேர் இல்லன்னா அதுக்குத் தனித் தாள். போன் நம்பர், சாதி, மதம், எந்தக் கட்சி எதுவும் எழுதாதீங்க. ஆதார் நகல், எபிக் அட்டை (வாக்காளர் அட்டை) நகல் வாங்கவே கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2022 நவம்பர்ல இதே பெங்களூருல வாக்காளர் விழிப்புணர்வுன்னு அனுமதி வாங்கிக்கிட்டு வீடு வீடா ஆள் அனுப்பித் தகவல் திரட்டின ஒரு தொண்டு நிறுவனத்து மேல போலீஸ் வழக்கு வந்தது. ஆணையம் ரெண்டு மூத்த அதிகாரிகளை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி, சிவாஜிநகர், சிக்பேட், மகாதேவபுரா தொகுதிகள்ல நீக்கின பேரையும் சேர்த்த பேரையும் மறுபடி சரிபாக்கச் சொல்லுச்சு. உங்க தொகுதியேதான். அதனால ஜனங்க சந்தேகமாப் பாத்தா அது நியாயம். லிஸ்ட் ஏற்கெனவே பொதுவில இருக்கிற தாள்தான், நாங்க புதுசா எதையும் வாங்கிட்டுப் போகலன்னு காட்டுங்க.

அடுத்து படிவம். இங்கதான் நிறையப் பேர் சொதப்பறாங்க. படிவம் 6 முதல்முறை சேருகிறவங்களுக்கு மட்டும். ஏற்கெனவே எங்கயாவது பேர் இருந்து வீடு மாறி வந்தவங்களுக்கு, அட்டையில பிழை இருக்கிறவங்களுக்கு, அட்டை தொலைச்சவங்களுக்கு எல்லாம் படிவம் 8. மாறி வந்தவருக்கு 6-ஐப் போட்டுக் குடுத்தா ஒரே ஆள் ரெண்டு இடத்துல நிப்பார், பிறகு நீக்கும்போது எது போகும்னு யாருக்கும் தெரியாது. 18 வயசுக் கணக்கு இப்போ ஜனவரி 1 மட்டும் இல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ம் உண்டு. 17 முடிஞ்ச பிள்ளைங்க முன்கூட்டியே விண்ணப்பிச்சு வைக்கலாம். காலேஜ் பசங்க இருக்கிற வீட்ல இதை மறக்காமச் சொல்லுங்க.

படிவத்தை அவங்கவங்களே தேர்தல் ஆணையத்தோட ஆப்புல போடட்டும், இல்லன்னா பிஎல்ஓ (பூத் அளவு அலுவலர்) கையில குடுத்து ரசீது வாங்கட்டும். நூறு படிவத்தை மூட்டையாக் கட்டிக் குழு கொண்டுபோய்க் குடுத்தா வாங்க மாட்டாங்க, வாங்கவும் கூடாது.

படிவம் 7-ஐ, அதாவது பேர் நீக்கற படிவத்தை, குழு தொடவே தொடாதீங்க. இறந்தவர் பேரை நீக்கணும்னா அந்த வீட்டுக்காரங்க குடுக்கட்டும். "இந்த வீட்ல இப்போ யாரும் இல்ல"ன்னு நீங்களா முடிவு பண்ணி 7 போட்டா, ரெண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போன கூலிக்காரர் பேர்தான் முதல்ல காணாமப் போகும். ஒரே ஒரு தப்பான நீக்கம் போதும், மூணு மாச உழைப்பும் பேரும் போயிடும். மாறாக, நீக்கப்பட்டவங்க பட்டியலைப் பாருங்க. பேருக்குப் பக்கத்துல ஆங்கில எழுத்துல காரணம் இருக்கும்: மரணம், இடமாற்றம், இரட்டைப் பதிவு, ஆள் காணோம்னு தனித்தனி எழுத்து. உயிரோட வீட்ல இருக்கிற ஆளுக்கு "இடமாற்றம்"னு இருந்தா அதுதான் நீங்க கையில எடுக்க வேண்டிய வழக்கு. நீக்கறதுக்கு முன்னாடி அவருக்கு வாய்ப்புக் குடுத்துக் கேட்டிருக்கணும், 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 22. பதிவு அதிகாரி உத்தரவு மேல 15 நாளுக்குள்ள மாவட்ட மாஜிஸ்திரேட் அளவிலான அதிகாரிகிட்ட மேல்முறையீடு, அதுவும் ஆகலன்னா 30 நாளுக்குள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு. ஊர்ல ஒரு ஓட்டு, இங்க ஒரு ஓட்டுன்னு வெச்சிருக்கிறவங்க ஹலசூர்ல கொஞ்சநஞ்சம் இல்ல. அது சாமர்த்தியம் இல்ல. ரெண்டு தொகுதியில பேர் இருக்கக்கூடாதுன்னு பிரிவு 17. இல்லன்னு பொய்யா உறுதிமொழி குடுத்தா பிரிவு 31, ஒரு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். 2025 கடைசியில தமிழ்நாட்டுல வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தப்போ திண்ணைத் திண்ணையா இதே பேச்சுதான். எங்க குடியிருக்கீங்களோ அங்க படிவம் 8 போட்டு மாத்திக்கச் சொல்லுங்க, மாநிலம் விட்டு மாநிலமும் அதே படிவம்தான். ஊர் ஓட்டை விட மனசு வராதுதான். எது வேணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நீங்க வற்புறுத்தாதீங்க.

---

டேப்பும்_சாக்பீசும் பதில்:

லிஸ்ட் விஷயத்துல மேல சொன்னது சரி. ஆனா லிஸ்ட் முடிஞ்ச மறுநாள் என்ன? அங்கதான் குழு படுக்குது. ஜனங்களுக்கு அன்னாட வேலைன்னா மோரி (சாக்கடை), ரோடு, தெருவிளக்கு. அதனால ரெண்டாவது மாசம் ஒரு வேலையை, ஒரே ஒரு வேலையை, கணக்குப் பாருங்க.

எதை எடுக்கிறதுங்கிறதுல பாதி வெற்றி. தூர் வாரின வேலையை எடுக்காதீங்க. அள்ளின மண்ணு போன இடம் தெரியாது, அடுத்த மழையில மறுபடி ரொம்பிடும், நிரூபிக்கவே முடியாது. அளக்கக்கூடியதா, இன்னும் அங்கயே நிக்கிறதா எடுங்க: கான்கிரீட் மோரி, மூடின ஸ்லாப், நடைபாதைக் கல். கடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சதா இருக்கட்டும். டிஎல்பின்னு சொல்ற குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இன்னும் ஓடிட்டிருந்தா கான்ட்ராக்டர் சொந்தச் செலவுல சரிபண்ணணும். அப்போ கேக்கறதுக்கு ஒரு பிடி இருக்கும்.

தகவல் உரிமை மனு: கர்நாடக விதிப்படி ஒரு மனுவுல ஒரே விஷயம், சாதாரணமா 150 வார்த்தைக்குள்ள. இது தெரியாம ரெண்டு பக்கம் எழுதி அனுப்பித் திரும்பி வாங்கினவங்க ஏராளம். கட்டணம் 10 ரூபாய். கன்னடத்துலயோ ஆங்கிலத்துலயோ இந்தியிலயோ எழுதணும், தமிழ்ல எழுதினா இங்க செல்லாது, கையெழுத்து தமிழ்ல இருக்கலாம். குழு பேர்ல போடாதீங்க, சட்டம் குடிமகன்னுதான் சொல்லுது, லெட்டர்ஹெட்டைப் பாத்தா அதையே சாக்கா வெச்சுத் தள்ளுவாங்க. தனியாள் பேர்ல போடுங்க. ஒரே ஆள் பேர்ல போடாம ஒரே மனுவை அஞ்சு பேர் போட்டா இன்னும் நல்லது. மிரட்டறதுக்கு ஒருத்தர் வீடுன்னு இருக்காது.

என்ன கேக்கணும்? "ஏன் இப்படிச் செஞ்சீங்க"ன்னு கேள்வி கேட்டா பதில் வராது. கையில இருக்கிற ஆவணத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க. இந்தத் தெருவுல, இந்த நிதியாண்டுல முடிஞ்ச மோரி வேலையோட ஜாப் நம்பர் (அந்த வேலைக்குக் குடுத்த எண்), எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், அளவுப் புத்தகத்துல (முடிஞ்ச வேலையை அளந்து எழுதற நோட்டு) அந்த வேலைக்கான பக்கங்கள், பில், டிஎல்பி முடியற தேதி. அவ்வளவுதான். அளவுப் புத்தகம்னு சொன்னா முழிப்பாங்க, "எம்.பி. புக்"னு போடுங்க. ஜாப் நம்பர் தெரிஞ்சா அதையே போட்டுடுங்க, தேடற சாக்கு போயிடும். ஆபீஸ் மாறிப்போச்சுன்னு சொன்னா பிரிவு 6(3) படி அவங்களே அஞ்சு நாளுக்குள்ள சரியான ஆபீசுக்கு அனுப்பணும். அஞ்சு மாநகராட்சி ஆனதுல இந்தக் குழப்பம் சகஜம்.

30 நாள். வரலன்னா 31-வது நாளே முதல் மேல்முறையீடு. "ரெண்டு நாள் பாப்போம்"னு விட்டு 30 நாள் கெடு தாண்டினவங்கதான் அதிகம். கெடு தாண்டினப்புறம் குடுத்தா நகல் இலவசம், பிரிவு 7(6). ரெண்டாவது மேல்முறையீடு தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள்ள. ஆனா அங்க போனா எத்தனை மாசம்னு கணக்கே இல்ல, அதை நம்பித் திட்டம் போடாதீங்க. நகலுக்கு பதிலா ஆவணத்தை நேர்ல பாக்கவும் மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஜே)-ல உரிமை இருக்கு. ரெண்டு பேர் போய் எம்.பி. புக்கைப் பாத்துக் கையால எழுதிட்டு வர்றது பல நேரம் சீக்கிரம் முடியும்.

ஆவணம் வந்தாச்சு, இனி அளவு. 30 மீட்டர் ஃபைபர் டேப், சாக்பீஸ், நோட்டு, நாலு பேர். துணி டேப் இழுத்தா நீளும், வேண்டாம். சனிக்கிழமை காலைல ஏழு மணி, வண்டி நடமாட்டம் கம்மி. மோரி ஆரம்பிக்கிற இடத்துல பூஜ்யம்னு சாக்பீஸ்ல கோடு, பத்து மீட்டருக்கு ஒரு கோடு. அகலத்தையும் ஆழத்தையும் ஒரே இடத்துல எடுக்காம தொடக்கம், நடு, கடைசின்னு மூணு இடத்துல எடுங்க. ஸ்லாபை எண்ணுங்க. 60 சென்டிமீட்டர் அகல ஸ்லாப்னா 120 மீட்டருக்கு 200 வரணும். 160தான் இருக்குன்னா 24 மீட்டர் திறந்து கிடக்கணும். கிடக்குதா, இல்ல பழைய கல்லையே மேல போட்டு மூடியிருக்கா? சின்னப் பசங்க தானா வந்து எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. கிழவிங்க வாசல்ல நின்னு "இந்தக் கல்லு முன்னயே இருந்ததுப்பா"ன்னு சொல்வாங்க. அந்த வாக்குமூலம் எந்த ஆவணத்துலயும் கிடைக்காது, தேதி போட்டு எழுதிக்குங்க.

இப்போ வழக்கமான தப்பு. புத்தகத்துல 120 மீட்டர்னு இருக்கும், தெருவோட நீளமே 60 மீட்டர்தான். உடனே "பாதிப் பணம் போச்சு"ன்னு வாட்ஸ்அப்புல போடுவாங்க. தெருவோட ரெண்டு பக்க மோரியையும் கூட்டி எழுதியிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரியும். இன்ஜினியர் சிரிச்சுட்டுப் போயிடுவார், குழுவை அதுக்கப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அளந்த கணக்கை வெளிய விடறதுக்கு முன்னாடி அந்த ஆபீசுக்கே எழுத்துல அனுப்பி ஏழு நாள் விளக்கம் கேளுங்க.

கடைசியா ஊர்க்கூட்டம், வடக்கே ஜன் சுன்வாய்ங்கிறாங்களே அது. 1994 டிசம்பர்ல ராஜஸ்தான் பாலி மாவட்டத்துல கோட் கிரானா கிராமத்துல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்ங்கிற மக்கள் அமைப்பு நடத்தினது முதலாவது. கூலிப் பட்டியலைச் சத்தமாப் படிச்சாங்க. பேர் இருந்தவங்க எழுந்து "நான் அந்த வேலைக்கே போகல"ன்னாங்க. அவ்வளவுதான் முறையே. அந்தப் பொறியிலேருந்துதான் 2005 தகவல் உரிமைச் சட்டம் வரைக்கும் போச்சு. டெல்லியில சுந்தர் நகரியில 2002-ல இதே முறையைத் தெரு வேலைகளுக்கு வெச்சு நடத்தினாங்க, ஆக நகரத்துலயும் ஆகும். வரிசையா ஆவணத்தைப் படிங்க, அளவைச் சொல்லுங்க, தெருக்காரங்களைப் பேச விடுங்க, அதிகாரிக்கு ஒரு நாற்காலி போடுங்க. வரலன்னா நாற்காலி காலியாவே இருக்கட்டும். "திருடன்"ங்கிற வார்த்தை மைக்குல வரவே கூடாது. புத்தகத்துல இது, தரையில இது, அதோட நிறுத்துங்க. அவதூறு வழக்கு பிஎன்எஸ் (புதுத் தண்டனைச் சட்டம்) 356-ல வரும், வந்தா குழு மொத்தமும் வாய்தாவுக்கே அலையும்.

இடம்: கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால். ரோட்டுல பந்தல் போட்டா போராட்டம்னு ஆயிடும், பெங்களூருல போராட்டத்துக்கு ஃப்ரீடம் பார்க் தவிர இடம் கிடையாது. மைக்குக்கு ஸ்டேஷன்ல அனுமதி வாங்குங்க.

---

ஹலசூர்க்காரன் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு பக்கத்தையும் கூட்டி எழுதற விஷயம் எங்க மண்டையில ஏறியிருக்கவே ஏறியிருக்காது. பதிவு, பணம் ரெண்டும் மிச்சம் இருக்கு. துபாய்லயும் கனடாவுலயும் இருக்கிற ஏரியாப் பசங்க பணம் அனுப்பறோம்ங்கிறாங்க. வாங்கலாமா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

கனடா பணத்தைப் பத்தி முதல்ல. அனுப்பறவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டா, கனடா குடியுரிமை வாங்கியாச்சா? இந்தியக் குடிமகன் வெளிநாட்டுல சம்பாதிச்ச சொந்தப் பணத்தை அனுப்பினா அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிட்டா, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (அயல்நாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாம ஒரு ரூபா வாங்கினாலும் குத்தம். உங்க அளவுக்கு அந்த அனுமதி கனவுலயும் வேண்டாம். நேராச் சொல்லணும்னா ரெண்டையும் வாங்காதீங்க. சட்டத்துக்காக மட்டும் சொல்லல. வெளிப்பணம் வந்தா ஏரியாக்காரங்க மாசம் இருபது ரூபா குடுக்கறதை நிறுத்திடுவாங்க. இருபது ரூபா குடுக்கிற வீடுதான் கணக்கு கேக்கும், கூட்டத்துக்கு வரும்.

செலவுதான் என்ன? ஒரு பூத் லிஸ்ட் பிரிண்ட் ஆறு செட், மனு அஞ்சுக்கு 50 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், டேப், சாக்பீஸ், டீ. எழுபது வீடு இருபது ரூபா குடுத்தா மாசம் 1,400. தாராளம்.

பதிவு: இப்போ வேண்டாம். கர்நாடக சங்கப் பதிவுச் சட்டம் 1960 படி ஏழு பேர் இருந்தாப் போதும், பதிவு பண்றது கஷ்டமே இல்ல. அதுக்கப்புறம்தான் கஷ்டம். வருஷா வருஷம் பொதுக்குழு, நிர்வாகிகள் பட்டியல், தணிக்கைக் கணக்குன்னு தாக்கல் பண்ணிக்கிட்டே இருக்கணும், விட்டா அபராதம். அதைவிடப் பெரிய தொல்லை, பதிவுன்னு பேச்சு எடுத்த உடனே தலைவர் யாரு, செயலாளர் யாருன்னு சண்டை வரும். வேலையே ஆரம்பிக்காத குழுவுல நாலு பதவிக்கு எட்டு பேர் நிப்பாங்க. தகவல் மனுவுக்கும் ஓட்டர் லிஸ்ட் வேலைக்கும் பதிவு தேவையே இல்ல. பேங்க் அக்கவுண்ட் கண்டிப்பா வேணும்னா, பதிவில்லாத கூட்டமைப்பாவே பான் வாங்கி, தீர்மானம் போட்டு, மூணு பேர்ல ரெண்டு பேர் கையெழுத்துன்னு திறக்கலாம். ஒரு வருஷம் ஓடட்டும், அப்புறம் பாருங்க.

பணம் கையில வெச்சிருக்கிறவரும் நோட்டு எழுதறவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது. வரவு செலவு ஒரு பக்கம் எழுதி மாசாமாசம் எல்லாருக்கும் தெரியற சுவத்துல ஒட்டுங்க. டீக்கடையே நல்ல இடம். வாட்ஸ்அப்புல போட்டா மேல போயிடும், சுவர்ல இருந்தா நின்னு படிப்பாங்க.

பேரு வைக்கும்போது ஒண்ணு கவனம். பேருல "தமிழ்" வேண்டாம். தமிழ்ச் சங்கம் வேற, வார்டு குழு வேற. மோரிக்கு மொழி கிடையாது. ஆனா காவிரிப் பிரச்சினை கிளம்பின வாரத்துல உங்க மனு மொழி விவகாரமாத் திரிஞ்சுடும். நோட்டீஸ்ல கன்னடம் மேல, கீழ தமிழும் உருதுவும். தீர்மான நோட்டு கன்னடத்துல. கூட்டத்துல அவங்கவங்க வாய்க்கு வர்ற மொழி.

---

சாயங்காலம்_நாலு பதில்:

"ஆறு மாசத்துல ஏன் படுக்குது"ங்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. மூணு காரணம் பாக்கறேன்.

நேரம். ஆம்பளைங்க வசதிக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் வெப்பாங்க, சமையல் நேரம். காலைல வெச்சா வீட்டு வேலைக்குப் போறவங்க வர முடியாது. காவிரித் தண்ணி வர்ற நாள்ல வெச்சா ஒரு பொம்பளையும் வர மாட்டாங்க. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி, தண்ணி முறை பாத்து வைங்க. ஒண்ணேகால் மணி நேரம், விஷயம் மூணுக்கு மேல வேண்டாம், முடியும்போது நோட்டுல மூணு பத்தி: என்ன, யாரு, எந்தத் தேதிக்குள்ள. அடுத்த கூட்டத்துல அதைப் படிச்சுத்தான் ஆரம்பிக்கணும். கூட்டம் நடத்தறவர் மாசாமாசம் மாறணும், நல்லாப் பேசறவரையே உக்கார வெக்காதீங்க.

கட்சி. கட்சிக்காரங்களைத் தள்ளி வெக்க முடியாது, வெக்கவும் வேண்டாம், அவங்களுக்குத்தான் ஆபீஸ் வழி தெரியும். ஆனா எழுத்துல ஒரு விதி இருக்கட்டும்: கார்ப்பரேட்டர் எலக்ஷன்ல நிக்க நினைக்கிறவர் ஆறு மாசம் முன்னாடியே பொறுப்புலேருந்து விலகணும், குழு போட்டோவைப் போஸ்டர்ல போடக்கூடாது. இந்த விதியை ஆள் யாருன்னு தெரியறதுக்கு முன்னாடி, அதாவது இப்பவே போடணும். தெரிஞ்சப்புறம் போட்டா அது விதி இல்ல, பகை.

பிரச்சினை தீர்ந்தா குழுவும் தீர்ந்துடும். 2016 அக்டோபர்ல இரும்பு மேம்பாலம் "பேடா" (வேண்டாம்)ன்னு ஆயிரக்கணக்குல மனிதச் சங்கிலி நின்னாங்க, 2017 மார்ச்சுல அரசு திட்டத்தைக் கைவிட்டது. சங்கிலியில நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. ஆனா அதை நடத்தினவங்க அதோட விடாம வார்டு கமிட்டி வேணும்னு பிடிச்சாங்க. அந்த அழுத்தமும் சேர்ந்துதான் மாசத்தோட முதல் சனிக்கிழமை கமிட்டி கூடணும்னு பழக்கத்துக்கு வந்தது. 74-வது திருத்தத்துல, 243எஸ் பிரிவுல, 3 லட்சமோ அதுக்கு மேலயோ மக்கள் இருக்கிற நகரங்களுக்கு வார்டு கமிட்டி உண்டுன்னு 1993-லேருந்தே இருக்கு. புதுசா வந்த பெங்களூரு சட்டத்துலயும் உண்டு. கார்ப்பரேட்டர் வந்தப்புறம் ஆள் தேடிக்கிட்டிருக்காம, கமிட்டிக்கு மனுப் போடறதுக்கு அஞ்சு பேரை, அதுல ரெண்டு பெண்ணை, இப்பவே தயார் பண்ணுங்க. ஓட்டர் லிஸ்ட் வேலைல யார் மூணாவது சுத்துக்கும் வந்தாங்களோ அவங்கதான் அந்த அஞ்சு பேர்.

---

ஹலசூர்க்காரன் எழுதியது:

கடைசிச் சந்தேகம். எங்க சந்துல இடது பக்கம் ஒரு வார்டு, வலது பக்கம் வேற வார்டுன்னு புது எல்லையில வந்திருக்கு போல. பூத்தை வெச்சு வேலை செய்யறதா, வார்டை வெச்சா?

---

பாகம்_எண் பதில்:

பூத்தை வெச்சுத்தான். மாநகராட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்ற லிஸ்டையே எடுத்து வார்டு வாரியாப் பிரிக்குது. அந்தப் பிரிவினையில்தான் வீடுங்க இடம் மாறி விழும்: வலது பக்க வீட்டுக்காரர் பேர் இடது பக்க வார்டுல இருக்கும், ஓட்டுப் போடற அன்னிக்குத்தான் தெரியும். அதனால உங்க லிஸ்ட்ல வீட்டு நம்பருக்குப் பக்கத்துல புது வார்டு நம்பர்னு இன்னொரு கட்டம் போட்டுக்குங்க, அரசிதழ்ல வந்த எல்லை விவரத்தை வெச்சு நிரப்புங்க. வார்டு வாரி வரைவு லிஸ்ட் ஆட்சேபணைக்கு வர்ற அன்னிக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு ராத்திரியில முடிஞ்சுடும். ஆட்சேபணைக்குக் குடுக்கிற நாள் கம்மியாத்தான் இருக்கும், அப்போ உக்காந்து வீடு எண்ண முடியாது.

சந்துல மோரி எந்தப் பக்கம் ஓடுது? அதையும் பாத்து வெச்சுக்குங்க. எல்லைக்கோட்டுல இருக்கிற மோரியை ரெண்டு வார்டு இன்ஜினியரும் "அது அவருது"ம்பாங்க.